விலை கூடினால் புகை இனிக்குமா? பிரையர் பைப் பற்றிய ஒரு நீண்ட வழக்கு

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் மக்காச்சோளக் கதிரின் தக்கையைக் குடைந்து புகைக்கும் பைப் செய்து வருகிறார்கள். ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் புகழ்பெற்ற படங்களில் அவர் வாயில் இருப்பது அந்த வகைதான். சாதாரண ரகம் ஒன்றை இன்றும் பத்திருபது டாலருக்குள் வாங்கிவிடலாம். டென்மார்க்கில் தனியொரு கைவினைஞர் தம் பட்டறையில் பிரையர் மரத்தைக் கடைந்து, தம் பெயரைப் பொறித்துத் தரும் பைப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டிலும் எரிவது ஒரே புகையிலை. நூறு மடங்கு விலை கொடுத்தவருக்குக் கிடைக்கும் புகையில் ஏதேனும் மேன்மை உண்டா?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். மரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பார் ஒருவர். பதப்படுத்தலில் என்பார் இன்னொருவர். துளையிடுவதில் என்பார் மூன்றாமவர். எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்குவோரும் உண்டு. ஒவ்வொரு பதிலும் ஒரு காலத்தில், ஓர் ஊரில், பெரும்பாலும் ஒரு வியாபாரத் தேவையோடு சேர்ந்து பிறந்தது. அவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

‘நன்றாகப் புகைகிறது’ என்றால் என்ன?

வழக்கு இவ்வளவு காலம் நீண்டதற்கு முதற்காரணம், வாதிடுவோர் வெவ்வேறு குணங்களைப் பற்றிப் பேசுவதுதான். சிலருக்கு நல்ல பைப் என்றால் நாக்கைச் சுடாமல் குளிர்ச்சியாகப் புகைவது. சிலருக்கு, ஈரம் தேங்கிக் களகளவென்று சத்தம் போடாமல் கடைசி வரை உலர்வாக எரிவது. வேறு சிலருக்கு, சிரமமில்லாத இழுப்பும் அணையாத நெருப்பும். புகையிலையின் சுவையோடு தன் சுவையைக் கலக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இவை எப்போதும் ஒன்றாக வருவதில்லை. களிமண் பைப் மிக மலிவானது. சுவையில் எதையும் கூட்டாது, குறைக்காது. ஆனால் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். சோளத்தக்கை ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் சில காலத்தில் அடி கருகித் தேய்ந்துவிடும். ஆகவே எந்தக் குணம் என்று சொல்லாமல் ‘இது சிறந்தது’ என்று சொல்வதில் பொருள் குறைவு.

உடல்நலம் இந்த ஒப்பீட்டுக்குள் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பைப் மட்டுமே புகைப்பவர்களுக்கும் நுரையீரல், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களும் இதய நோயும் கூடுதலாக வருவதை அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பைப்பின் விலை அந்த ஆபத்தைக் குறைக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மரம்: முதல் வாதம், மிகப் பழைய வாதம்

பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் தண்டும் வேரும் சேருமிடத்தில் திரளும் முண்டு. இத்தாலி, கோர்சிகா, கிரேக்கம், அல்ஜீரியா என மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட மலைச்சரிவுகளில் விளைகிறது. அடர்த்தியானது, வெப்பம் தாங்குவது, எளிதில் எரியாதது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் செயின்ட்-க்ளோட் என்ற ஊர், பிரையர் அங்கு வருவதற்கு முன்பே மரக் கடைசலுக்குப் பேர்போனது. அங்கிருந்த கடைசல்காரர்கள் 1850-களில் இந்த முண்டில் பைப் கடையத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று பணக்காரர் வாங்கியது மீர்ஷாம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் தோண்டி எடுக்கும் வெண்ணிறக் கனிமத்தைச் செதுக்கிச் செய்தது. ஏழைக்குக் களிமண். பிரையர் சந்தைக்கு வந்தது மீர்ஷாமுக்கு மலிவான மாற்றாக. எளிதில் உடையாது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பரவியது. மலிவுப் பொருளாக வந்து சேர்ந்த மரம், இரண்டு தலைமுறைக்குள் தனக்குள்ளேயே உயர்ந்த ரகம், தாழ்ந்த ரகம் என்று படிகளை உண்டாக்கிக்கொண்டது.

அந்தப் படிகளை முடிவு செய்வது பெரும்பாலும் மரத்தின் ரேகை. முண்டைத் தோண்டியெடுத்து, வெடிக்காமலிருக்க ஈரத்திலேயே வைத்திருந்து, கட்டைகளாக அறுத்து, பல மணி நேரம் கொதிக்கவைத்து உள்ளிருக்கும் சாற்றையும் துவர்ப்பையும் நீக்குகிறார்கள். பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், நிழலில் உலர்த்துகிறார்கள். இப்படி வந்த கட்டைகளில் கிண்ணத்தைச் சுற்றி அடியிலிருந்து விளிம்பு வரை நேர்கோடுகளாக ரேகை ஓடுவது மிகச் சிலவற்றில்தான். அதிலும் மண்துளையோ கீறலோ இல்லாமல் கிடைப்பது இன்னும் அரிது. அந்த அருமைக்குத்தான் விலை.

ரேகைக்கும் புகைக்கும் தொடர்பு உண்டா? மரத்தின் நார் ஓடும் திசையில் வெப்பம் வேகமாகக் கடத்தப்படும். குறுக்கே கடத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறையும். நேர்ரேகை உள்ள கிண்ணத்தில் வெப்பம் நாருக்குக் குறுக்கே வெளிவர வேண்டியிருப்பதால் வெளிப்புறம் சற்றே குறைவாகச் சுடலாம். இது கைக்கு ஆறுதல் தரும் வேறுபாடு. வாய்க்கு வரும் புகையோ கிண்ணச் சுவரின் வழியே வருவதில்லை. அடித்துளை வழியே வருகிறது. ரேகையின் அழகு புகையை மாற்றும் என்பதற்கு நம்பத் தகுந்த வழிமுறை எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

மண்துளைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே கருஞ்சாயம் பூசுவது மலிவு ரகங்களில் வழக்கம். பார்வைக்கு அது குறைதான். மக்கு கிண்ணத்தின் உட்குழி வரை போகாதவரை புகைக்கு அதனால் கெடுதி என்று சொல்ல முடியாது. ஆனால் அடர்த்தியான அரக்குப் பூச்சு வேறு விஷயம்: மரத்தின் மேற்பரப்பை அது மூடிவிடுவதால் கிண்ணம் சூடேறும்போது கொப்புளிக்கவும் வாடை கிளப்பவும் கூடும்.

எண்ணெயும் காற்றும்: பதப்படுத்தல் வாதம்

மரத்தின் இயல்பை விட்டு, மரத்தை என்ன செய்கிறோம் என்பதில் மேன்மையைத் தேடியவர் ஆல்ஃபிரட் டன்ஹில். 1907-இல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தவர், 1910-இல் சொந்தமாகப் பைப் செய்யத் தொடங்கினார். வாய்முனையின் மேற்பக்கத்தைக் காட்டும் வெள்ளைப் புள்ளி சில ஆண்டுகளில் உலகம் அறிந்த அடையாளமாயிற்று. கடைந்த கிண்ணத்தை எண்ணெயில் ஊறவைத்துச் சூடேற்றினால் எண்ணெயோடு சேர்ந்து மரத்தின் மிச்சச் சாறும் கசிந்து வெளிவரும். அதைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். இதுதான் அவர் பட்டறையின் முறை. இப்படிப் பதமான மரம் முதல் நாளே பழகிய பைப்பைப் போலப் புகையும் என்பது வாதம்.

இதற்கு எதிர்நிலை இத்தாலியில் வளர்ந்தது. மிலானுக்கு அருகே கான்டூவில் 1947-இல் கார்லோ ஸ்காட்டி தொடங்கிய காஸ்தெல்லோ பட்டறை இந்தத் தரப்பின் முகம். எண்ணெய் வேண்டாம், நல்ல கட்டையை நீண்ட காலம் காற்றில் உலரவிட்டால் போதும் என்பது இவர்கள் கட்சி. இரு தரப்பும் உயர்ந்த விலைக்கே விற்கின்றன. இரு தரப்புக்கும் சத்தியம் செய்யத் தயாராக உள்ள ரசிகர்கள் இருக்கிறார்கள். எதிரெதிரான இரண்டு முறைகளும் ‘மிகச் சிறந்த’ புகையைத் தருவதாகச் சொல்லப்படுவதே, இந்த வாதத்தை அப்படியே ஏற்க விடாமல் தடுக்கிறது.

வேறொரு சங்கடமும் உண்டு. பைப்பைப் புகைக்கப் புகைக்க உட்சுவரில் கரிப்படலம் படிகிறது. அதை ஒரு நாணயத்தின் கனத்துக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது பழகியவர்கள் விதி. அந்தப் படலம் நெருப்புக்கும் மரத்துக்கும் இடையே நின்றுவிட்ட பிறகு, மரம் எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பது எவ்வளவு தூரம் புகையை எட்டும்? முதல் சில வாரங்களில் வேறுபாடு தெரியலாம். சரியாக உலராத மரத்தின் பச்சைக் கசப்பை நாக்கு உணர்வதில் ஐயமில்லை. ஆண்டுகள் கழிந்தும் அது நீடிக்கிறது என்பது இன்னும் நிறுவப்படாத கூற்று.

இந்த இடத்தில் தொழிற்சாலைகளே நமக்காக ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கின்றன. டன்ஹில் 1917-இல் மணல்வீச்சு முறைக்குக் காப்புரிமை கோரினார். கிண்ணத்தின் மீது மணலை வேகமாக அடிக்கும்போது மென்பகுதிகள் தேய்ந்துபோக, கடினமான ரேகைகள் மட்டும் மேடாக நிற்கும். பின்னாளில் பெரும்பாலான பட்டறைகளில், மேற்பரப்பில் குறையுள்ள கட்டைகளை மணல்வீச்சுக்கும் குறையற்றவற்றை வழவழப்பான ரகத்துக்கும் பிரிப்பது வழக்கமாயிற்று. மரம் ஒன்று, உலர்த்தல் ஒன்று, துளையிடும் கை ஒன்று, வாய்முனை ஒன்று. விலையில் மட்டும் கணிசமான வித்தியாசம். குறைந்த விலை ரகத்துக்குப் பரப்பளவு கூடுதல் என்பதால் வெப்பத்தை வெளிவிடும் வாய்ப்பும் கூடுதல். 1920-களில் டன்ஹில் பட்டறையில் கழிக்கப்பட்ட கிண்ணங்களை விற்க பார்க்கர் என்ற தனிப்பெயரே உருவாயிற்று. ஒரே கூரையின் கீழ் பிறந்த இந்த உடன்பிறப்புகளுக்கு இடையே உள்ள விலை வேறுபாட்டில் பெரும்பங்கு கண்ணுக்காகக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

துளை, கழுந்து, வாய்முனை: மிக வலுவான வாதம்

விலைக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் நிறுத்துப் பார்க்கத்தக்கது பொறியியல் வாதம்தான். இது இயற்பியல் விதிகளைத் தொட்டு நிற்கிறது, அளந்தும் பார்க்கலாம்.

பைப்பைக் கழற்றி உள்ளே பார்த்தால் விஷயம் விளங்கும். தண்டு வழியே ஓடும் காற்றுத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில், சரியாகச் சென்று முட்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் முட்டினால், அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாமல் ஈரச் சேறாகத் தங்கிவிடும். பக்கவாட்டில் விலகினால் நெருப்பு ஒருபக்கமாக இறங்கும். அடுத்தது, வாய்முனையின் கழுந்து தண்டின் துளைக்குள் பொருந்தும் இடம். கழுந்து குட்டையாக இருந்து உள்ளே ஒரு வெற்றிடம் விட்டால், வேகமாக வந்த புகை அங்கே திடீரென்று விரிந்து வேகம் குறைகிறது. அதிலிருக்கும் நீராவி அங்கே படிந்து நீராகிறது. களகளச் சத்தத்தின் பிறப்பிடங்களில் முக்கியமானது இதுதான். கடைசியாக, வட்டத்துளை பற்களுக்கு இடையே தட்டையான பிளவாக மாறும் இடம். அங்கே திறப்பின் பரப்பு குறுகாமல் விசிறிபோல விரிய வேண்டும். அச்சில் வார்த்த மலிவு வாய்முனைகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கழுத்து நெரிபடுகிறது.

துளையின் விட்டம் பற்றி ஒரு கணக்கு. பைப்பை மெதுவாக இழுக்கும்போது காற்று சீரான அடுக்கோட்டமாகவே பாய்கிறது. அத்தகைய ஓட்டத்தில் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். விட்டத்தை 3 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டராக்கினால் துளையின் தடை மூன்றில் ஒரு பங்கைவிடவும் சற்றுக் குறைவாகிவிடும். அமெரிக்கச் சேகரிப்பாளர் ரிக் நியூகோம் 2003-இல் எழுதிய நூலில், அகன்ற துளையே நல்ல புகையின் அடிப்படை என்று வற்புறுத்தினார். பெயர்பெற்ற பைப்புகளின் துளையையும் அகலப்படுத்திக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. ஆனால் மொத்தத் தடையில் புகையிலையை எவ்வளவு இறுக்கி அடைத்திருக்கிறோம் என்பதற்கும் பெரும்பங்கு உண்டு. இறுக்கமான இழுப்பையே விரும்புகிற பழங்காலத்துப் புகைஞர்களும் இருக்கிறார்கள்.

கோபன்ஹேகனின் சிக்ஸ்டன் ஈவர்சன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழிலின் வரிசையையே மாற்றினார். கட்டையின் ரேகையைப் பார்த்து முதலில் வடிவத்தை உருவாக்கி, பிறகு துளையிடுவது அவர் வழி. வளைந்து நெளிந்த வடிவத்துக்குள் துளையை மிகச் சரியான புள்ளியில் இறக்க வேண்டும். அதற்குத் தேர்ந்த கை தேவை. எபனைட் என்ற கடின ரப்பர்க் கட்டையிலிருந்து வாய்முனையை அரத்தால் இழைத்து எடுக்க மணிக்கணக்கில் ஆகும். இந்த உழைப்பின் பலன் வாயில் தெரியும். இதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

ஆனால் இந்த வாதமும் விலை ஏணியின் உச்சி வரை கூடவே ஏறுவதில்லை. சரியான துளைக்கு வேண்டியது கவனமும் நல்ல கருவியும். அருமையான மரம் வேண்டியதில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும் தொட்டியோடு கூடிய அமைப்பை 1890-களில் அறிமுகப்படுத்திய டப்ளினின் பீட்டர்சன் ஆலையும் சரி, ஒன்பது மில்லிமீட்டர் வடிகட்டியைப் பரப்பிய ஜெர்மானிய ஆலைகளும் சரி, நடுத்தர விலைக்கே விற்றன. பொறியியல் புதுமைகள் பல, பெருமளவு உற்பத்தி செய்தவர்களிடமிருந்தே வந்தன. இன்று கணினி வழி இயங்கும் துளைப்பான்கள் வந்த பின், நடுத்தர விலையிலேயே பிழையில்லாத துளை கிடைப்பது அரிதல்ல. அந்த நிலைக்கு மேலே விலை பத்து மடங்கு ஏறும்போது துளை பத்து மடங்கு சரியாகிவிடுவதில்லை.

புகைப்பவரின் கை

மெதுவாகப் புகைக்கும் போட்டி என்று ஒன்று ஐரோப்பாவில் நெடுங்காலமாக நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரியான பைப், 3 கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி. பற்றவைக்க ஒரு நிமிடம். அதன் பிறகு அணைந்தால் வெளியேற வேண்டும். சிலருடையது சில நிமிடங்களில் அணைந்துவிடும். தேர்ந்தவர்கள் மூன்று மணி நேரத்தையும் தாண்டியிருக்கிறார்கள். பைப்பில் வேறுபாடே இல்லாதபோது விளைவில் இத்தனை பெரிய இடைவெளி இருக்கிறது. அடைக்கும் முறை, புகையிலையின் ஈரம், மூச்சின் தாளம் ஆகியவற்றின் பங்கைக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதிலிருந்து பிறக்கும் ஒரு குழப்பத்தை விலையின் ஆதரவாளர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மலிவான பைப்பை வாங்குபவர் பெரும்பாலும் புதியவர். பாகு சேர்த்த ஈரப் புகையிலையை இறுக்கி அடைத்து, வேகமாக இழுத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, பழியைப் பைப் மீது போடுகிறார். விலை உயர்ந்த பைப்பை வாங்கும் நாளில் அதே மனிதருக்குப் பத்தாண்டு அனுபவம் சேர்ந்திருக்கும். அதை ஒவ்வொரு முறையும் துடைக்கிறார், ஒருநாள் ஓய்வு கொடுக்கிறார், நல்ல புகையிலையை மட்டும் போடுகிறார். இரண்டு பைப்புகளை ஒப்பிடுவதாக அவர் நினைக்கிறார். தம் வாழ்வின் இரண்டு பருவங்களை ஒப்பிடுகிறார்.

விலைச்சீட்டின் சுவை

எல்லாம் மனம்தான் என்போர் தங்களுக்குத் துணையாக வேறு துறைகளின் சோதனைகளை அழைக்கிறார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, உயர்ந்த விலை சொன்னதே சுவையாக இருந்ததாகப் பருகியவர்கள் கூறினர். இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, விலை தெரியாமல் நடந்த 6,000-க்கும் மேற்பட்ட ஒயின் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை; சற்றே குறைவாகப் பிடித்தது. பிரெஞ்சு ஆய்வாளர் கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைத்துக் கொடுத்த சோதனைகளில், ஸ்ட்ராடிவாரி உள்ளிட்டோரின் பழைய இத்தாலிய வயலின்கள் புதியவற்றை வெல்லவில்லை.

இவை வலுவான எச்சரிக்கைகள். எனினும் அப்படியே பைப்புக்கு மாற்றிவிட முடியாது. ஒயினில் ‘எண்ணெய் பதமா, காற்று பதமா’ என்பதற்கு நிகரான கேள்வி இருந்தாலும், வாய்முனையில் நெரிபட்ட துளைக்கு நிகரானது இல்லை. அது மனம் உண்டாக்கும் தடை அல்ல. மேலும் விலையறிந்ததால் வரும் இன்பமும் பொய் இன்பமல்ல. கையிலெடுத்துப் பார்த்து மகிழ்வதும் பைப் புகைப்பவரின் அனுபவத்தில் ஒரு பாதிதான். அதைப் புகையின் தரம் என்று சொல்லி விற்கும்போதுதான் தவறு நேர்கிறது.

திறந்தே இருக்கும் கேள்விகள்

வழக்கைத் தீர்க்கும் சோதனையை வடிவமைப்பது எளிதல்ல. கண்ணைக் கட்டினாலும் எடை, வாய்முனையின் தடிமன், எபனைட்டா அக்ரிலிக்கா என்பது பல்லுக்குத் தெரிந்துவிடும். முன்பு புகைத்த புகையிலையின் வாசம் மரத்தில் தங்கிவிடுவதால் ஒருமுறை பயன்பட்ட பைப் மறுமுறைக்குத் தூய சாட்சி ஆகாது. புதிய பைப்போ பழகும் வரை தன் உண்மைக் குணத்தைக் காட்டாது. ஒரே கையால் ஒரே அளவில் துளையிட்டு, ஒரே வாய்முனை பொருத்தி, மரமும் பதமும் மட்டும் மாறுபடும் பைப்புகளைப் பலரிடம் பல மாதம் கொடுத்துப் பார்த்தால்தான் எண்ணெய்க்கும் காற்றுக்கும் இடையிலான பழைய சண்டை தீரும். அல்ஜீரிய மரத்துக்கும் கோர்சிகா மரத்துக்கும் உள்ளதாகச் சொல்லப்படும் வேறுபாட்டுக்கும் இதே விதி.

ரேகையைப் பற்றிய கேள்வி, என் மதிப்பீட்டில், ஏறக்குறைய முடிந்துவிட்டது: அது கண்ணுக்கு உரியது. பதப்படுத்தலின் நீண்டகாலப் பலன் இன்னும் திறந்தே இருக்கிறது. துளையின் பலன் உறுதியானது. அதைக் கடையில் நின்றபடியே சரிபார்க்கவும் முடியும். பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்றை வாய்முனை வழியாகச் செலுத்திப் பாருங்கள். ஈரத்தொட்டி வைத்த பைப்புகளும் வடிகட்டி பொருத்தியவையும் விதிவிலக்கு. மற்ற எந்தப் பைப்பாக இருந்தாலும், அந்தக் கம்பி தடங்கலின்றிக் கிண்ணத்தின் அடிமட்டத்தில் வந்து எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை என்றால், என்ன முத்திரை இருந்தாலும் கேட்கும் விலைக்கு அது தகாது.